உள் லைட்

கொண்டாவிலில் மூடின நெற் கபேயிலிருந்து
எட்டாயிரத்துக்கு எடுத்த கொம்பியூட்டர்.
கீபோட்டில் பாதி எழுத்து தேய்ந்துபோச்சு,
எது எங்கே என்று விரலுக்கு மட்டும் தெரியும்.
அதற்குள்
எண்ணி முடியாத வெள்ளிகள்.
எனக்கு ஒரு கப்பல், கையில் நூறு காசு.
போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.

கப்பலுக்குப் பெயர் கேட்டது.
விற்றுப்போட்ட லொறியின் இலக்கத்தை அடித்தேன்,
இருபத்தாறு ஸ்ரீ என்று தொடங்குவது.

"எப்ப முடியும் இது?" என்றாள் மயூரதி.
முடியாது, முடிவில்லாமல்தான் செய்திருக்கிறாங்கள்.
"அப்ப ஆர் வெல்லுறது?"
நான் தெரியாது என்று சொல்லமுதல்
அவள் நுளம்பு வலையைச் சொருகத் தொடங்கிவிட்டாள்.

யாவாரம் எனக்குப் புதிதில்லை.
சுன்னாகத்தில் வெங்காயம் ஒரு விலை,
தம்புள்ளையில் ஒரு விலை,
இடையில் டீசல், ஒரு சில்லு, இரண்டு பொலிஸ்.
அங்கேயும் அதுதான்.
பயிர் விளையும் கோளில் தானியம் சீரழியும்,
இரும்பு உருக்கும் கோளில் அதற்கே அடிபடுவார்கள்,
இடையில் கிடப்பது வெறும் கறுப்பு.
முதல் கிழமையே
கடன் கட்டி முடித்தேன்.
இந்தப் பக்கத்தில் அது ஒருநாளும் நடந்ததில்லை.

ஒன்பதாம் இரவு
சாம்பல் கப்பலொன்று பின்னால் வந்து ஒட்டியது.
சிவப்பு எழுத்தில்,
நிறுத்து.
இயந்திரத்தை அணை.
சரக்கைச் சோதிக்க வேண்டும்.

நிறுத்தினேன்.
எழும்பிப் போய் அறை லைட்டைப் போட்டேன்.
திரும்பி வந்து கதிரையில் இருந்து
இரண்டு கையையும் மேசைக்கு மேலே
தெரியக்கூடியதாக வைத்தேன்.

"என்னப்பா, ஏன் லைட்?"
வலைக்குள்ளிருந்து அவள் கேட்டபோதுதான்
நான் செய்தது எனக்கே தெரிந்தது.

பெரிய லைட்டை அணை, உள் லைட்டைப் போடு, மெல்ல வா.
இருபது வயதில் படித்தது.
அதற்குமுன் படித்த எதுவும் ஞாபகமில்லை.

பன்னிரண்டு வினாடி.
சோதனை முடிந்தது, போகலாம் என்றது திரை.
ஒரு மூட்டையும் இறக்கவில்லை,
குத்தூசி பட்டு ஒரு அரிசி சிந்தவில்லை,
ஆர் எவர் என்று கேட்கவில்லை.
கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது,
ஏன் பொய் சொல்ல.
அந்தக் கப்பலில் உள் லைட் இல்லை.
எல்லா விசையையும் அழுத்திப் பார்த்துவிட்டேன்.

பிறகு துவக்கு வாங்கினேன். எல்லாரும் வாங்குகிறார்கள்.
பெயர் இல்லாத வெள்ளியொன்றின் பின்பக்கம்
மறித்தவனை வெடிக்க வைத்தேன்.
சத்தம் வரவில்லை, ஸ்பீக்கர் பழுது.
அவன் வயிற்றிலிருந்து பெட்டிகள் மிதந்தன.
கிட்டப் போய் வாசித்தேன்:
உலர் உணவு நாலு தொன்,
மருந்து அரைத் தொன்.

கொள்ளைக்காரன் மருந்தை
எங்கே கொண்டுபோனான்?
விளையாட்டுக்கு அது தெரியாது.
ஏதோ ஒரு எண் விழுந்திருக்கும், அவ்வளவுதான்.
அள்ளினால் ஆறாயிரம் தேறும்.
அள்ளவா விடவா என்று விரல் நிற்க

கரண்ட் போனது.

இணுவில் முழுக்க இருட்டு.
எங்கேயோ ஒரு ஜெனறேற்றர் இருமிவிட்டு எழும்பியது.
முக்கால் மணித்தியாலத்தால் வெளிச்சம் வந்தபோது
நான் கடைசியாகச் சேமித்த துறைமுகத்தில் நின்றேன்,
சரக்கு முழுதாக,
துவக்கு வாங்காமல்,
அவன் எங்கேயோ உயிரோடு.

இப்படியும் ஒரு வசதி என்று நினைத்தேன்.
அதற்குமேல் நினைக்கவில்லை,
நாலு மணிக்கு பீற்றூட் ஏற்றவேண்டும்.

ஓமந்தையில் இப்ப ஒருவரும் மறிப்பதில்லை.
கிளீனர் ஞானசீலன் வாயைத் திறந்தபடி நித்திரை.
அந்த இடம் வர
கை தன்பாட்டுக்கு சுவிச்சுக்குப் போகிறது.
வெளிச்சத்துக்கு ஒரு ஈசல் வந்து
கண்ணாடியில் முட்டுகிறது.

"அணையுங்கோ அண்ணை, கண்ணுக்குக் குத்துது."
அணைக்கிறன் என்று சொல்லி
அடுத்த கட்டை மட்டும்
போட்டபடியே ஓடுகிறேன்.